சவுரிக்குள் அருணாக்கொடி

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. ஜன்னலோரம் நீயே இருந்துக்க, எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பையைக் காலுக்கு அடியில வச்சுக்கிறேன். மேல வச்சா எவனாச்சும் தூக்கிக்கிட்டு எறங்கிருவான், நாமதான் தேடிக்கிட்டுக் கெடக்கணும். திண்டுக்கல்தானே போறே? நல்லதாப் போச்சு. நானும் அங்க எறங்கித்தான் வேடசந்தூர் வண்டி பிடிக்கணும்.

என்ன அப்படிப் பாக்குறே, தலை விரிஞ்சு கெடக்குன்னா? காலையில பாத்திருக்கணும் நீ. எண்ணெய் வச்சு, சீவி, சவுரி வச்சுக் கட்டி, இத்தாம்பெரிய கொண்டை போட்டு, கனகாம்பரம் சுத்தியிருந்தேன். எல்லாத்தையும் அவுத்துப் போட்டாளுக. எங்கன்னு கேளு. ஏர்போர்ட்டுல. பிளேன்ல ஏறி இந்நேரம் கடலுக்கு மேல பறந்துக்கிட்டு இருக்க வேண்டியவ, உங்கூட பஸ்ஸுல கடலைமிட்டாய்க்காரன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு வர்றேன்.

சார்ஜாவுக்கு. எம் மக இருக்கா அங்க. சுகன்யா. ஒரே மக. பொம்பளப் பிள்ளை பெத்திருக்கா. பேர் வைக்கிற அன்னிக்கு அம்மாச்சிதான் பிள்ளை இடுப்புல அருணாக்கொடி கட்டணும், எங்க பக்கம் அதுதான் முறை. வேற யாரு கட்டுனாலும் அது கட்டுனதாகாது. மாப்பிள்ளைதான் போன் போட்டாரு, அத்தை நீங்க வாங்கன்னு. மக பேசல. கலியாணம் கட்டிக்கிட்டுப் போன நாள்லருந்து எங்கூட ஒரு வார்த்தை பேசல அவ. அவரு பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருப்பா, இல்லேன்னா அந்த மனுசனுக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வரும்? பிள்ளை பெத்ததும் மனசு எளகியிருக்குன்னு நெனச்சேன். அதைப் பாத்துட்டா, அந்தக் கொடியை எங்கையால கட்டிட்டா, இவளும் அம்மான்னு கூப்பிட்டுருவான்னு இருந்தேன். எனக்கு வேற என்ன வேணும் சொல்லு.

ஏன் பேசலேன்னா கேக்குறே? மில்லுல எலெக்ட்ரீசியனா இருந்த பையனைக் கட்டிக்கிட்டா, நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அந்தக் கோவம்தான். வேற என்ன இருக்கும்?

அதை விடு. ஏர்போர்ட்டுக் கதையைக் கேளு.

உள்ள நுழையறப்பவே ஒருத்தன் துப்பாக்கியை மாட்டிக்கிட்டு நிக்கிறான். பாஸ்போர்ட்டைப் பாக்குறான், மூஞ்சியைப் பாக்குறான், திரும்பப் பாஸ்போர்ட்டைப் பாக்குறான். போட்டோவுல இருக்கிறது நான்தான்டா, ஒங்காத்தாவா வந்து நிக்கும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் ஒரு வரிசை. அது முடிஞ்சா இன்னொரு வரிசை. செருப்பைக் கழட்டு, வளையலைக் கழட்டு, பையை டப்பாவுல வை, போனை வை. தண்ணிப் பாட்டிலைக் குப்பையில போடச் சொன்னான். வீட்டுத் தண்ணிப்பா, கொதிக்க வச்சு ஆத்துனதுன்னு சொல்றேன், அவன் இந்தியில என்னமோ சொல்லிக்கிட்டுக் குப்பைத்தொட்டியைக் காட்டுறான். பேத்திக்குன்னு வசம்பு கோத்து வளையல் பண்ணி வச்சிருந்தேன். அதை எடுத்து மோந்து பாக்குறான்! பக்கத்துல நம்மூர்ப் பிள்ளை ஒருத்தி யூனிபார்ம்ல நின்னா, சிரிச்சுக்கிட்டே அவன்கிட்ட வெளக்கிச் சொல்லி வாங்கிக் குடுத்தா. சிரிப்பென்ன வேண்டிக் கெடக்கு அதுல?

நான் கேக்குறேன் தாயி, நான் என்ன களவாணியா? எவன் வீட்டுல என்னத்தை எடுத்தேன்? எம் பொருளு, எம் பையி, என் உடம்பு. நான் ஒண்ணும் எடுக்கலேன்னு நான் ஏன் நிரூபிக்கணும்? எடுத்தேன்னா நீ நிரூபி. ஒரு குத்தமும் பண்ணாத பொம்பளைய வரிசையில நிப்பாட்டி, கையைத் தூக்கு, திரும்பு, காலை அகட்டுன்னா, அவ மனுசியா, மாடா? எங்க வேணும்னாலும் போகலாம் வரலாம்னு எழுதி வச்சிருக்காகளே, சுதந்திரம்னு கொடியேத்தி மிட்டாய் குடுக்குறாகளே, இதுதானா அது?

இதெல்லாம் தெரியாம நான் பேசல. நானே செக்கிங் வேலை பாத்தவதான். ஆமா! எங்க ஊர்ப் பக்கம் ஒரு நூல் மில்லு, அதுல கேட்டுல லேடி செக்கர். எம் மக பள்ளிக்கூடம் சேந்ததுல இருந்து நேத்துப் போல ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதே கேட்டு, அதே ஸ்டூலு. இந்தத் தவமணியக்கா நிக்கிறான்னா கேட்டுக்கிட்ட ஈ காக்கா அண்டாது. ஹாஸ்டல் பிள்ளைக அத்தனையும் உள்ள போறப்பவும் எங்கை படணும், வெளிய வர்றப்பவும் எங்கை படணும். உள்ள போறப்ப செல்போன் கொண்டு போவாளுக, வெளிய வர்றப்ப நூல் சுத்துன கோனு கொண்டு வருவாளுக. எங்கெங்க வைப்பாளுகன்னு கேட்டா நீ சிரிப்பே. பாவாடை மடிப்புல வைப்பாளுக, சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில வைப்பாளுக. ஒருத்தி போனைக் காலோட சேத்துக் கட்டி, கட்டு மேல மஞ்சப்பத்து போட்டு, நொண்டிக்கிட்டே வந்தா. எனக்கா தெரியாது? கட்டைப் பிரிச்சேன், உள்ள மணி அடிக்குது.

அது வேற, இது வேற. அப்படிப் பாக்காதே. அங்க வந்து நிக்கிறவ ஒவ்வொருத்தியையும் கள்ளின்னு நெனச்சுத்தான் தொடணும், அப்பத்தான் வேலை சரியா நடக்கும். மேனேஜர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. நல்ல பிள்ளையா இருந்தா அவளுக்கு என்ன கொறைஞ்சு போச்சு? மடியில ஒண்ணும் இல்லாதவ எதுக்குக் கூசணும்? சில பிள்ளைக கண்ணு கலங்கி நிக்கும். நான் அதையெல்லாம் கண்டுக்க மாட்டேன். கண்டுக்கிட்டா செக்கர் வேலை பாக்க முடியுமா?

சரி, விசயத்துக்கு வர்றேன். அருணாக்கொடி. நல்ல வெள்ளி, நடுவுல அரசிலை வச்சது. ஆசாரிகிட்டப் பக்கத்துல உக்காந்து செய்யச் சொன்னது. அதை எப்படிக் கொண்டு போறதுன்னு எனக்கு ஒரே யோசனை. எங்க வீட்டுக்காரரு ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற மனுசன், வெளியுலகம் தெரியாது. அவரு சொல்றாரு, "கைப்பையிலயே வச்சுக்கிட்டுப் போடி, கேட்டா பேத்திக்குன்னு சொல்லு." கேட்டா சொல்றதா! வெள்ளியைக் கண்டா செக்கர் கை சும்மா இருக்குமா? எனக்குத் தெரியாதா அது? எங்க கேட்டுலயே பிள்ளைககிட்டப் பிடிச்ச சாமானெல்லாம் ஆபீசுக்குப் போகும், கொஞ்சம் எங்க மேசையிலயும் தங்கும். ஒரு பிள்ளையோட கொலுசு ரொம்ப நாளு என் டிராயர்லயே கெடந்துச்சு. கேக்க வரல அவ. எப்படி வருவா, உள்ள நகை போடக்கூடாதுன்னு சட்டமாச்சே. கடைசியில அது எங்க போச்சுன்னு எனக்கே ஞாபகமில்ல.

அதனால நான் யோசிச்சேன். எந்தச் செக்கரும் கை வைக்காத இடம் எதுன்னு என்னையவிட எவளுக்குத் தெரியும்? சவுரி. நான் வேலை பாத்த காலம் பூரா ஒருத்தி சவுரியையும் நான் பிரிச்சது கிடையாது. அடுத்தவ மயிரு, எண்ணெய்ப் பிசுக்கு, எவ தொடுவா? கொடியைக் கறுப்புத் துணியில சுத்தி, சவுரிக்குள்ள வச்சுத் தைச்சு, அதைக் கூந்தலோட பின்னிக் கொண்டை போட்டுட்டேன். கண்ணாடியில பாத்தேன். எனக்கே தெரியல.

அந்த வாசப்படி மாதிரி ஒண்ணு நட்டு வச்சிருக்காக பாரு, அதுக்குள்ள நுழைஞ்சதும் கீன்னு கத்துச்சு. திரைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனா அந்த நம்மூர்ப் பிள்ளை. கையில கரண்டி மாதிரி ஒரு மிசினு. தாலிகிட்டக் கத்துச்சு. "ஊக்காம்மா?"ன்னா. ஆமான்னேன், கோத்து வச்சிருந்த ஊக்கைக் காட்டுனேன். சரின்னுட்டா. தலைகிட்டக் கொண்டு போனா, கத்துச்சு. "கொண்டையில என்னம்மா?"

"ஹேர்ப்பின்னு."

"ஹேர்ப்பின்னுக்கு மிசின் இவ்வளவு கத்தாதும்மா. வேற ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிக்க என்ன இருக்கு? இல்லேன்னா இல்லதான்."

அந்த எடத்துல ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்னு இப்பச் சொல்றாக. எப்படிச் சொல்லுவேன்? இல்லேன்னு சொல்றவளைத்தான் நான் பாத்திருக்கேன். ஆமான்னு சொன்னவ தப்பிச்சதை நான் பாத்ததே இல்லையே.

கொண்டையை அவுத்தா. பூவு தரையில விழுந்துச்சு. சவுரியைக் கையில எடுத்து அமுக்கிப் பாத்தா பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவ தொழில் தெரிஞ்சவ. அவ்வளவுதான். பெரிய ஆபீசரம்மா வந்தாச்சு, என்னைய ஒரு ரூமுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயாச்சு, போனைப் பிடுங்கியாச்சு. ஒளிச்சவ இன்னும் என்னென்ன ஒளிச்சிருப்பாளோன்னு ஒவ்வொரு துணியா அவுக்கச் சொன்னாளுக. இந்த வயசுல. புருசனைத் தவிர ஒருத்தரு முன்னாடி ரவிக்கையைக் கழட்டுனவ இல்ல தாயி நானு. வெளக்கு வெளிச்சத்துல ரெண்டு பொம்பளைக முன்னாடி, மாரை மறைச்சுக்கிட்டு, செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். அந்தப் பிள்ளை என்னையப் பாக்காம வேற எங்கயோ பாத்துக்கிட்டுத்தான் தடவிப் பாத்தா. "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா"ன்னா. பொறுத்துக்கவாம்! அவ மரியாதை எனக்கு எதுக்கு? நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துறலாம் போல இருந்துச்சு.

ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் உடுத்திக்கச் சொல்லிட்டாக. அதோட விட்டாகளா? யாருக்குக் கொண்டு போறே, யாரு குடுத்துவிட்டா, அங்க வாங்கிக்கப் போறவன் யாருன்னு கேள்வி மேல கேள்வி. பேத்திக்குன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாக. பேத்திக்குக் கொண்டு போறதை எதுக்கு மயிருக்குள்ள தைக்கணும்னு கேட்டா அந்த ஆபீசரம்மா. "வெள்ளி கொண்டு போறதுல தப்பே இல்லம்மா. கையில வச்சிருந்தா யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க. எதுக்கு ஒளிச்சீங்க?" நீங்க எடுத்துக்குவீகன்னுதான்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அவுகளுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "நாங்க ஏன்மா எடுக்கப் போறோம்?"னாக. சொல்லுவாக. எல்லாச் செக்கரும் அப்படித்தான் சொல்லுவாக.

அதுக்குள்ள பிளேன் போயிருச்சு. கண்ணாடி வழியாப் பாத்தேன், ஒண்ணு மேல ஏறுச்சு. அதுதான் என்னோடதான்னு கூடத் தெரியல. உக்காந்து அழுதேன்.

அந்தக் கொடியை என் கையிலயே குடுத்துட்டாக. இந்தா, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு, வெறும் மஞ்சப்பையில சுத்தி வச்சிருக்கேன். ஒருத்தனும் இப்பக் கேக்கல பாரு.

போனைத் திருப்பிக் குடுத்ததும் மாப்பிள்ளைக்கு அடிச்சேன். நடந்ததைப் பூராச் சொல்லி ஒப்பாரி வச்சேன். என்னைய அவுத்துப் போட்டுப் பாத்தாக மாப்பிள்ளைன்னு சொல்ற அளவுக்கு வெக்கம் விட்டுப் போச்சு. அப்புறம் ஒரு கொரலு. "அம்மா"ன்னுச்சு.

சுகன்யா தாயி. எம் மக. எத்தனை வருசம் கழிச்சு! எனக்கு அழுகை நின்னு போச்சு. கொரலு மாறவே இல்ல. சொல்லு சாமி, சொல்லுன்னேன்.

அவ கேக்குறா, "ரூமுக்குள்ளயா பாத்தாங்க?"

"ஆமா."

"கதவைச் சாத்திட்டா?"

"ஆமா, சாத்திட்டுத்தான்."

"வேற யாரும் இல்லையே?"

"ரெண்டு பொம்பளைகதான்."

"அப்ப சரி"ன்னா.

அப்ப சரியாம்! பெத்த தாயி சீரழிஞ்சு நிக்கிறேன், அவ கேக்குற கேள்வியப் பாரு. கதவு சாத்தியிருந்தா சரியாப் போச்சா? எதுக்கு அப்படிக் கேட்டான்னு பஸ்ஸுல ஏறுனதுலருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். பழசை எதையோ மனசுல வச்சுக்கிட்டுத்தான் கேக்குறா.

ஒருவேளை அதுவா இருக்குமோ? ப்ளஸ் டூ பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டு வர்ற வரைக்கும் சும்மா இருந்தா, நானே மில்லுல சேத்துவிட்டேன். ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப மத்த பிள்ளைக முணுமுணுக்கும், செக்கர் மகளை மட்டும் மேலோட்டமாத் தடவிட்டு அனுப்புறான்னு. மேனேஜர் காதுக்கும் போயிருச்சு. ஒருநா அவரே வந்து கேட்டுப் பக்கத்துல நின்னாரு. எனக்கு ரோசமாப் போச்சு. தவமணியை எவளும் நாக்கு மேல பல்லுப் போட்டு ஒரு சொல்லு சொல்லக் கூடாது. வரிசையில எம் மகளை முன்னாடி இழுத்து நிப்பாட்டுனேன். எல்லாரும் பாக்கத்தான். மேனேஜர், வாச்மேனு, நூல் ஏத்த வந்த லாரி டிரைவரு, அந்த எலெக்ட்ரீசியன் பையன், அத்தனை பேரும் நிக்கிறாக. தாவணியை உருவி ஒதறுனேன். அம்மா வேண்டாம்மா, வேண்டாம்மான்னு கையைப் பிடிக்கிறா. கையைத் தட்டிவிட்டு இடுப்புல தடவுறேன், பாவாடைக்குள்ள ஒரு பொட்டலம் செருகி வச்சிருக்கா. பஞ்சு! மில்லுப் பஞ்சு!

வேஸ்ட்டுப் பஞ்சுதான். குப்பைக்குப் போறதுதான். ஆனாலும் கம்பெனிச் சொத்துதானே? மகன்னு பாத்தனா நானு? எடுத்துத் தலைக்கு மேல தூக்கி எல்லாருக்கும் காட்டுனேன். மேனேஜர் கையைத் தட்டுனாரு தாயி. தவமணி மாதிரி ஒருத்தி எங்கயும் கிடைக்க மாட்டான்னாரு.

எதுக்கு எடுத்தாளா? நீயும் பொம்பளப் பிள்ளைதானே, உனக்குத் தெரியாததா? மாசத்துல வர்ற அந்த நாளு. மில்லுல எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் வச்சுக்கும். எனக்குத் தெரியாதுன்னு இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அவ அன்னிக்கு அழக் கூட இல்ல. தாவணியைத் தரையிலருந்து எடுத்து அந்த எலெக்ட்ரீசியன் பையன்தான் குடுத்தான். வேற பக்கம் திரும்பிக்கிட்டே நீட்டுனான். அன்னிக்கே நான் கவனிச்சிருக்கணும், இவன் பொண்ணை மயக்கப் பாக்குறான்னு.

சரி, அது முடிஞ்சு போன கதை. அதுக்காகவா ஒரு பிள்ளை இத்தனை வருசம் பேசாம இருக்கும்?

போன்ல கடைசியா என்ன சொன்னான்னு கேளு. "மறுபடி டிக்கெட் போடச் சொல்றேன், வா. வந்து பிள்ளையப் பாரு"ன்னா. எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு. கொடி பத்திரமா இருக்கு சாமி, வந்து எங்கையால கட்டுறேன்னு சொல்றேன். உடனே சொல்றா, கொரலை ஒசத்தக் கூட இல்ல, "கொடியைக் கொண்டு வந்து குடு. நான் கட்டிக்கிறேன். எம் பிள்ளை இடுப்புல உங்கை படக் கூடாது."

நீயே சொல்லு தாயி, இந்தக் கையில என்ன இருக்கு? பாரு. சீக்கு உண்டா, சொறி உண்டா? இவளைப் பெத்து, குளிப்பாட்டி, தொடைச்சு, சாம்பிராணி காட்டி வளத்த கைதானே? இதே கைதானே அது? அதே பொம்பளைதானே நானு? எதுக்கு அப்படிச் சொன்னா?

நீ ஏன் ஜன்னலையே பாத்துக்கிட்டு வர்றே?

என்னத்தைச் செய்ய. போகணும். திரும்ப அதே வரிசையில நிப்பேன். செருப்பைக் கழட்டச் சொன்னாக் கழட்டுவேன், கையைத் தூக்கச் சொன்னாத் தூக்குவேன். கொடியை மேலயே வச்சுக் காட்டுவேன். அவகிட்டயும் சரின்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? தள்ளி நின்னு பாக்குறேன் சாமி, தொட மாட்டேன்னு சொல்லிட்டேன்.